உளவியல் சிகிச்சையாளர் ஆவதும் ஆளுக்கேற்பச் சிகிச்சையை அமைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் மருத்துவ உளவியலாளராகப் பல ஆண்டுகளாகப் பணிபுரிந்து, பயிற்சி மாணவர்களையும் மேற்பார்வையிட்டு வருகிறேன். இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்களும் அவர்களின் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டாக வரும் மனிதர்களை எவரும் இனங்காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், ஆலோசகர் ஆகிய மூவரும் ஒன்றுதானா?

இல்லை. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்தபின் மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதுவது அவர் பொறுப்பு. மக்கள் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று அழைக்கும் மருத்துவ உளவியலாளர், உளவியல் படித்து, மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சி பெற்று, இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவேட்டில் பெயர் பதிந்தவர். உளவியல் பரிசோதனையும் பேச்சுவழிச் சிகிச்சையும் அவர் வேலை. ஆலோசகர் என்ற சொல்லுக்குத்தான் வரம்பு கட்டுவது கடினம். முதுகலைப் படிப்போடு முறையான பயிற்சி பெற்றவரும் ஆலோசகர், ஒரு வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் ஆலோசகர் என்ற நிலைதான் இன்றும் இருக்கிறது. 'சைக்கோதெரபிஸ்ட்' என்பதற்கென்று இந்தியாவில் தனிப் பதிவேடு கிடையாது. ஆகவே பலகையில் அந்தச் சொல் மட்டும் இருந்தால், என்ன படித்தீர்கள், பதிவு எண் என்ன என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

கவுன்சிலிங் என்பதைத் தமிழில் 'ஆற்றுப்படுத்துதல்' என்று சொல்பவர்கள் உண்டு. அழகான சொல்தான், ஆனால் எனக்கு அதில் ஒரு சிறு தயக்கம் இருக்கிறது. சங்க இலக்கியத்து ஆற்றுப்படையில் வழி சொல்பவர் அந்த வழியே போய்ப் பரிசில் பெற்றுத் திரும்பியவர். எதிரே வருபவரின் வறுமையும் அவர் தாமே பட்டு அறிந்த வறுமை. என் முன்னால் வந்து அமர்பவரின் வழியில் நான் ஒருநாளும் நடந்ததில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்வதே இந்தத் தொழிலில் எனக்குப் பாதி வேலை.

என்ன படிக்க வேண்டும்?

உளவியலில் இளங்கலை, முதுகலை, அதன்பின் மறுவாழ்வுக் கழகம் அங்கீகரித்த நிறுவனத்தில் மருத்துவ உளவியலில் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். என்பதே நெடுங்காலம் வழக்கமான பாதையாக இருந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சியின் மத்திய மனநல மருத்துவக் கழகம் ஆகியவை இந்தப் பயிற்சிக்குப் பெயர் பெற்றவை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மருத்துவ உளவியலாளர் யார் என்று வரையறுக்கும்போது, மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சியைச் சேர்த்தே சொல்கிறது. இப்போது பாதை மாறுகிறது. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு அளித்தது. எனவே, சேர்க்கை முகவரோ சீனியர் அண்ணனோ சொல்வதை நம்பிப் பணம் கட்டாமல், நீங்கள் சேரும் ஆண்டில் எந்தப் படிப்பு எந்த நிறுவனத்தில் அங்கீகாரம் பெற்றிருக்கிறது என்பதைக் கழகத்தின் இணையதளத்தில் நீங்களே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மருத்துவ உளவியலாளர் அல்லாத பிற உளவியலாளர்கள் 2021இல் இயற்றப்பட்ட துணை மருத்துவத் தொழில்கள் தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள்.

அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. உளவியல் படித்தால் போதுமா?

2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல், உளவியல் உள்ளிட்ட சில படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று மானியக் குழு உத்தரவிட்டுவிட்டது. இந்த உத்தரவு பலருக்கு, குறிப்பாகக் குழந்தைகள் வளர்ந்தபின் படிக்க வந்த பெண்களுக்கு, வருத்தத்தைத் தந்தது. அந்த வருத்தம் நியாயமானது. ஆனாலும், எதிரே ஒரு மனிதர் அழுதுகொண்டிருக்கும்போது என்ன செய்வது என்பதை அஞ்சலில் வரும் பாடப்புத்தகம் கற்றுத் தராது என்பதால், உத்தரவின் நோக்கத்தை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

எல்லாரும் என்னிடம்தான் மனம்விட்டுப் பேசுகிறார்கள். அது போதாதா?

அது நல்ல தொடக்கம். தோழியிடம் பேசும்போது இருவரும் மாறி மாறித் தம் கதையைச் சொல்கிறோம், ஆறுதல் சொல்கிறோம், அவளுக்காக அவள் கணவர் மீது கோபப்படுகிறோம். சிகிச்சை அறையில் இந்த மூன்றுமே பல நேரங்களில் தடையாகிவிடும்.

அதேசமயம், நீளமான பட்டம் இல்லாதவர் எதுவும் செய்ய முடியாது என்பதும் உண்மை இல்லை. கோவாவில் மனநலத் துறையில் முன்பயிற்சி இல்லாத உள்ளூர் மக்களுக்குப் பயிற்சி அளித்து, கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகளில், விட்டுப்போன அன்றாடச் செயல்களைப் படிப்படியாக மீட்டெடுக்கும் எளிய சிகிச்சையைக் கொடுக்க வைத்தார்கள். 2017இல் லான்செட் இதழில் வெளியான அந்த ஆய்வில், மூன்று மாத முடிவில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினரும் சற்று மேம்படுத்திய வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காட்டினரும் மனச்சோர்வு என்று கொள்ளும் மதிப்பெண் வரம்புக்குக் கீழே வந்திருந்தனர். அந்த உள்ளூர்ப் பணியாளர்களின் அமர்வுகள் பதிவு செய்யப்பட்டு, அவர்கள் கூடி உட்கார்ந்து ஒருவர் அமர்வை ஒருவர் கேட்டு மதிப்பிட்டார்கள் என்பதை இந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

பயிற்சி என்றால் உண்மையில் என்ன நடக்கிறது?

நோயாளரின் வரலாற்றைக் கேட்டு எழுதுவது, மனநிலைப் பரிசோதனை, உளவியல் சோதனைகள் என்று பட்டியல் நீளும். இவற்றை ஆறு மாதத்தில் கற்றுவிடலாம். மேற்பார்வைதான் நீண்டது. அமர்வில் நீங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும், நோயாளரின் ஒப்புதலோடு பதிவு செய்தோ நினைவிலிருந்து எழுதியோ, மூத்தவர் ஒருவர் முன் வைக்க வேண்டும். "அவர் அழத் தொடங்கியதும் நீங்கள் ஏன் தூக்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள்?" என்று அவர் கேட்பார். அழுகையைத் தாங்க முடியாமல் பேச்சை மாற்றினேன் என்பது அப்போதுதான் உறைக்கும். இது கூச்சமாக இருக்கும். இரண்டாண்டு கழித்தும் கூச்சமாகத்தான் இருக்கும்.

ஒரே நோய்க்கு ஒரே சிகிச்சை கொடுத்தால் என்ன?

நோயின் பெயர் ஒன்றாக இருக்கலாம், அதை அணையாமல் வைத்திருக்கும் காரணம் ஆளுக்கு ஆள் வேறு. மனச்சோர்வை அளக்க நாங்கள் பயன்படுத்தும் ஒன்பது கேள்விப் படிவமான பிஎச்கியூ-9இல் 27க்கு 16 எடுத்த இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஏழு அரியர் வைத்திருக்கும் பொறியியல் மாணவர். மற்றவர் மனைவியை இழந்த, ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். இருவருக்கும் தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் பிடிப்பில்லை.

நடத்துநரின் நாளுக்கு முப்பது ஆண்டுகளாகக் கரை போட்டு வைத்திருந்தது டியூட்டி நேரம். அந்தக் கரை போனதும் நாள் முழுவதும் ஒரே நீளமாகிவிட்டது. 'உங்களுக்கு மகிழ்ச்சி தரும் ஒன்றைச் செய்யுங்கள்' என்ற பாடப்புத்தக வாக்கியத்தை அவரிடம் சொன்னபோது, "மகிழ்ச்சியா? அதெல்லாம் வேலைவெட்டி இல்லாதவன் சமாச்சாரம் மேடம்" என்றார். எனவே மகிழ்ச்சி என்ற சொல்லையே விட்டுவிட்டு, அதிகாலை ஐந்து மணிக்கு டெப்போ வாசல் தேநீர்க் கடைக்கு நடந்து போய், முதல் வண்டி கிளம்புவதைப் பார்த்துவிட்டு வருவதை அவருக்கு 'டியூட்டி'யாகவே போட்டோம். அதே முறையை மாணவரிடம் கொண்டுபோனபோது அது எடுபடவில்லை. அவர் வெளியே நடக்கத் தயாராகவே இருந்தார், சொல்லப்போனால் நாள் முழுவதும் வெளியேதான் சுற்றினார். வீட்டில் அப்பா கேட்கும் ஒரு கேள்விக்குப் பயந்து. அவருக்கு முதல் வேலை, மதிப்பெண் பட்டியலை என் மேசையில் விரித்து வைத்து ஏழு பாடங்களையும் இருவரும் சேர்ந்து படிப்பதாக இருந்தது. அதை அவர் எட்டு மாதங்களாகத் திறந்தே பார்க்கவில்லை.

எந்தச் சிகிச்சை, யாரால் கொடுக்கப்பட்டு, எந்தப் பிரச்சினை உள்ள எந்த மனிதருக்கு, எந்தச் சூழ்நிலையில் பலன் தருகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி என்று அமெரிக்க உளவியலாளர் கோர்டன் பால் 1967இல் எழுதினார். அந்தக் கேள்வி இன்னும் பழையதாகவில்லை.

முதல் அமர்விலேயே ஆளுக்கேற்பத் திட்டம் போட்டுவிட முடியுமா?

ஒரு வரைவு போடலாம். என்ன பிரச்சினை, எதனால் இப்போது தொடங்கியது, முன்பிருந்தே இருந்த பலவீனம் எது, எது அதைத் தொடர வைக்கிறது, எது இந்த மனிதரைத் தாங்கிப் பிடிக்கிறது என்ற ஐந்தையும் ஒரு பக்கத்தில் எழுதுவோம். இதைப் பென்சிலில் எழுதுங்கள் என்று மாணவர்களிடம் சொல்வேன், அடிக்கடி அழிக்க வேண்டியிருக்கும் என்பதால்.

நான் பயிற்சியில் இருந்தபோது செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். திருமணமாகி மூன்றாண்டான ஒரு பெண்ணுக்கு, 'நான் எதற்கும் லாயக்கில்லாதவள்' என்ற எண்ணம் நாள் முழுவதும் வந்துகொண்டே இருந்தது. எண்ணங்களைக் குறித்து வைத்து ஆராய்வது சிபிடி எனப்படும் எண்ண-நடத்தைச் சிகிச்சையில் வழக்கமான வீட்டுப்பாடம். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கட்டம் போட்டுக் கொடுத்தேன். மூன்று வாரம் வெறும் நோட்டே திரும்பி வந்தது. 'ஒத்துழைப்புக் குறைவு' என்று கோப்பில் எழுதினேன். அதைப் படித்த என் மேற்பார்வையாளர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்த நோட்டை அந்தம்மா வீட்டில் எங்கே வைப்பாங்க?"

அடுத்த வாரம் அதையே அவரிடம் கேட்டேன். இரண்டு அறை வீடு, ஒரே பீரோ, சாவி மாமியாரின் இடுப்பில். நோட்டைத் திருப்பிக் கொண்டுவருவதற்கே அவர் அதை அரிசி டப்பாவின் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். அவருடைய இடது கை வளையலில் நாலைந்து ஊக்குகள் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த எண்ணம் வரும்போதெல்லாம் ஓர் ஊக்கை இடது வளையலிலிருந்து வலது வளையலுக்கு மாற்றுவது என்று இருவரும் முடிவு செய்தோம். அடுத்த முறை வந்தபோது, காலையில் ஒன்றுகூட மாறுவதில்லை, மாலை ஏழு மணிக்குமேல் எல்லாமே மாறிவிடுகின்றன என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். கணவர் வீடு திரும்பும் நேரம் அது. அதன்பின் எங்கள் பேச்சு எங்கே போக வேண்டுமோ அங்கே போயிற்று.

ஆளுக்கேற்ப என்றால் எதை வேண்டுமானாலும் மாற்றலாமா?

கூடாது. தன்னை 'எல்லா முறைகளையும் கலந்து கொடுப்பவர்' என்று சொல்லிக்கொள்பவரிடம் எனக்கு எப்போதும் ஐயம் உண்டு. சில சிகிச்சைகளில் எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இராது என்ற பகுதி ஒன்று இருக்கும். வேண்டாத அச்சம் விடாமல் எழ, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஓசிடி நோயில், கழுவிக் கழுவிக் கை புண்ணாகும் ஒருவருக்கு, அஞ்சும் பொருளைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருப்பதே அந்தப் பகுதி. அது நோயாளருக்குத் துன்பம் தருகிறது என்பதற்காக அதை விட்டுவிட்டு மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக் கொடுத்தால், அவருக்கேற்ப மாற்றியதாக ஆகாது. பெரும்பாலும் அது சிகிச்சையாளரின் சொந்தப் பதற்றத்துக்கேற்ப மாற்றியதாகவே இருக்கும்.

மாற்றக்கூடியது அதன் வடிவம். மடி ஆசாரம் பார்க்கும் வீட்டுப் பெண்மணி ஒருவர் பால் பாக்கெட்டை ஏழு முறை சோப்புப் போட்டுக் கழுவிவந்தார். ஆசாரமே தவறு என்று நான் சொல்லியிருந்தால் அடுத்த வாரம் வந்திருக்க மாட்டார். அதே வீட்டில் அதே ஆசாரத்தோடு வாழும் அவருடைய மாமியார் பாக்கெட்டை எத்தனை முறை கழுவுவார் என்று கேட்டேன். ஒரு முறை, வெறும் தண்ணீரில். அந்த ஒரு முறையே எங்கள் இலக்கு ஆயிற்று. பதற்றத்தை நூற்றுக்கு எத்தனை என்று சொல்ல அவருக்கு வரவில்லை. அடுப்பு சிம்மில் எரிகிறதா, முழுத் தீயில் எரிகிறதா என்று கேட்டால் தயங்காமல் சொன்னார். பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்த அன்று, தீ தானாகவே சிம்முக்கு இறங்கியதைக் கண்டு அவருக்கே வியப்பு.

குடும்பத்தாரை உள்ளே விடலாமா?

மேற்கத்தியப் பாடநூல்கள் தனியறையில் இருவர் என்ற கணக்கில் எழுதப்பட்டவை. நம் ஊரில் நோயாளரோடு அம்மா, சித்தி, சில நேரம் பக்கத்து வீட்டு அக்காவும் வந்து நாற்காலி தேடுவார்கள். இதைத் தொல்லையாக நினைக்க வேண்டியதில்லை. வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் நோயாளரோடு உறவினரும் தங்கியிருந்து சிகிச்சையில் பங்கெடுப்பது நெடுநாள் வழக்கம். என் முறை எளியது: முதல் பத்து நிமிடம் எல்லாரும், பிறகு அவர் மட்டும், கடைசி ஐந்து நிமிடம் அவர் அனுமதிப்பவர்கள். கடைசி ஐந்து நிமிடத்துக்கு யாரை அழைக்கிறார், யாரை வெளியே உட்கார வைக்கிறார் என்பதிலேயே பல செய்திகள் கிடைக்கும்.

கோயில், தர்கா, ஜோதிடம் என்று நம்புபவரிடம் என்ன சொல்வது?

அங்கே என்ன சொன்னார்கள், நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று கேட்பேன். செவ்வாய்க்கிழமை விளக்குப் போடுவது ஒருவரைப் படுக்கையிலிருந்து எழுப்புகிறது என்றால் அது எனக்கும் உதவி. எல்லை ஒன்று உண்டு: கட்டிவைப்பது, அடிப்பது, மருந்தை நிறுத்தச் சொல்வது ஆகியவற்றில் சமரசம் கிடையாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்காவை ஒட்டிய காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர்கள் தீயில் மடிந்ததை இந்தத் துறையில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது.

தமிழில் சிகிச்சை செய்வதில் சிக்கல் உண்டா?

'மனச்சோர்வு' என்ற சொல்லோடு யாரும் வருவதில்லை. 'உடம்பெல்லாம் அசதி', 'நெஞ்சு படபடன்னு அடிக்குது', 'தலைக்குள்ள ஏதோ ஓடுது' என்றுதான் வருகிறார்கள். அவற்றை உடனே நம் கலைச்சொல்லுக்கு மொழிபெயர்க்கும் மாணவர், பேசுபவரின் கையிலிருந்து அவருடைய கதையைப் பிடுங்கிவிடுகிறார். விளிக்கும் முறையும் சிகிச்சையின் பகுதிதான். பதினாறு வயதுப் பையனை 'நீங்கள்' என்று அழைத்தால் சிலர் நிமிர்ந்து உட்காருகிறார்கள், சிலர் கேலி செய்வதாக நினைக்கிறார்கள். எனவே எப்படிக் கூப்பிடட்டும் என்று கேட்டுவிடுவேன். "உங்களுக்கு எந்த ஊர் மேடம், எந்தத் தெரு?" என்ற கேள்விக்குப் பின்னால் சாதியைத் தெரிந்துகொள்ளும் முயற்சி இருக்கலாம், இவரிடம் சொன்னால் பாதுகாப்பா என்ற அச்சமும் இருக்கலாம். இரண்டாவது இருக்கும்போது முதலாவதை எண்ணிச் சினந்துவிடக் கூடாது.

சிகிச்சை தவறான திசையில் போகிறது என்பதை எப்படி அறிவது?

அனுபவம் சொல்லிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 170 சிகிச்சையாளர்களையும் அவர்களிடம் வந்த 6,500க்கும் மேற்பட்டவர்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. ஆண்டுகள் கூடக் கூடப் பலன் கூடவில்லை. சராசரியாக மிகச் சிறிய அளவில் குறைந்தே இருந்தது. என்னைப் போன்றவர்களுக்கு இது கசப்பான சேதி. ஆகவே நான் நம்புவது என் உள்ளுணர்வை அல்ல, நான்கு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பப்படும் படிவத்தை. சிகிச்சையாளருக்கும் வருபவருக்கும் உள்ள உறவின் வலிமை பலனோடு தொடர்புடையது என்பதை 295 ஆய்வுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டு ஆய்வு காட்டுகிறது. அந்தத் தொடர்பு நடுத்தர அளவினது, உறவு ஒன்றே போதும் என்று சொல்லும் அளவுக்குப் பெரியதன்று.

படிவம் மட்டும் போதாது. நம் மக்கள் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு டாக்டர்" என்பார்கள், டாக்டர் இல்லை என்று பத்து முறை சொன்ன பிறகும். அதனால், "இன்று நான் பேசியதில் உங்களுக்கு ஒத்துவராத ஒன்றைச் சொல்லுங்கள், ஒன்றாவது இருக்கும்" என்று கேட்பேன். கேள்வியை இப்படிப் போட்டால்தான் வாய் திறக்கிறது.

சொன்னதெல்லாம் இரகசியமாக இருக்குமா?

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அதை உரிமையாகவே தருகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் விலக்கு உண்டு. குழந்தை மீதான பாலியல் வன்முறை தெரியவந்தால் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். இவற்றை முதல் நாளே சொல்லிவிட வேண்டும், கேட்டபின் சொல்வது ஏமாற்றுவது போல் ஆகிவிடும். தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்ததாகிவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. நேரடியாகக் கேளுங்கள். இதைப் படிப்பவருக்கே அந்த எண்ணம் இருந்தால், அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416இல் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.

வருமானம் எப்படி?

முதல் சில ஆண்டுகள் குறைவு. வீட்டில் ஒருவராவது நிலையான சம்பளம் வாங்கினால் நல்லது.

எவருக்கு நான் சிகிச்சை கொடுக்கக் கூடாது?

பயிற்சி இல்லாத பிரச்சினை, நெருங்கிய உறவு, ஏற்கெனவே வெறுப்போ ஈர்ப்போ தோன்றிவிட்ட ஆள் ஆகிய மூன்றும் தெளிவானவை. நான்காவது வகை கடினமானது: எல்லாம் சரியாகச் செய்தும் ஒத்துவராதவர். சென்ற ஆண்டு ஒருவர் ஒன்பதாவது அமர்வில், "மேடம், நீங்க பேசுறது எங்க அக்கா பேசுற மாதிரியே இருக்கு, அதான் பாதிய மறைக்கிறேன்" என்றார். அக்காவைப் பற்றி இரண்டு அமர்வுகள் பேசிப் பார்த்தோம். பிறகு வேறொரு சிகிச்சையாளரின் பெயரையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்து, அவர் சம்மதத்தோடு என் குறிப்புகளையும் அனுப்பினேன். குறிப்பின் கடைசி வரியில், இதுவரை எது பயன்படவில்லை என்பதை எழுதியிருந்தேன்.